டிவி பாட்டுக்கு ஆம்ப்ளிஃபயர்

பாட்டு சேனல்களை டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவி மெலிய மெலிய ஸ்பீக்கரும் சின்னதாகி, கீழே பார்த்தோ சுவரைப் பார்த்தோ உட்கார்ந்திருக்கிறது. தபேலாவும் பேஸ் கிடாரும் அதில் எங்கே கேட்கும்? பரணில் பழைய ஸ்டீரியோ கிடந்தால் இறக்குங்கள்.

செட்டாப் பாக்ஸின் பின்னால் சிவப்பு, வெள்ளை சாக்கெட் இருந்தால் அங்கிருந்தே அந்த ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ் (AUX) என்று எழுதிய சாக்கெட்டுக்கு ஒயர் போடலாம். ஃபோனோ என்று எழுதிய இடத்தில் மட்டும் செருகாதீர்கள். அது ரெக்கார்டு பிளேயருக்கு, சத்தம் பிளந்துகொண்டு வரும். பாக்ஸின் வால்யூமை ஏறக்குறைய முழுசாக வைத்துவிட்டு, கூட்டிக் குறைப்பதை ஆம்ப்ளிஃபயரில் செய்யுங்கள்.

எனக்குத் தொல்லை கொடுத்தது ‘ம்ம்ம்’ என்ற உறுமல்தான். கேபிள் ஒயரைக் கழற்றினால் நின்றது, மாட்டினால் வந்தது. கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒரு வட்டமாகச் சேர்ந்தால் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் உறுமல் பாட்டுக்குள் புகுந்துவிடும். டிவியின் ஆப்டிகல் அவுட்டுக்கு மாறியதும் போய்விட்டது. அந்த ஒயரில் போவது வெளிச்சம், மின்சாரம் இல்லையே! பழைய ஆம்ப்ளிஃபயர் என்றால் நடுவே ஒரு சின்ன டாக் (DAC) பெட்டி, அதாவது டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி வேண்டும். அப்புறம், டிவி செட்டிங்கில் ஒலியை பிசிஎம் (PCM), அதாவது சுருக்காத டிஜிட்டல் ஒலி என்று மாற்றுங்கள். டால்பி என்ற சுருக்கிய ஒலியில் விட்டால் பல டாக்குகள் ஊமையாகிவிடும்.

பாக்ஸிலிருந்து நேராக எடுப்பவர்களுக்கு, டிவி படத்தைக் காட்டக் கொஞ்சம் நேரம் எடுப்பதால், பாடுகிறவர் வாய் திறக்கும் முன்பே பாட்டு வரலாம். டிவியை கேம் மோடில் போட்டால் படத்தின் தாமதம் குறையும்.