ஒட்டுப் போட்ட பதினெட்டு நிமிடங்கள்

யெஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தை முதன்முதலில் நான் கேட்டது சம்பளத்துக்காக. 1980களின் கடைசி. திருச்சியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை. பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பாட்டுப் பதிந்து தருவோம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ராஜா பாட்டு. கல்லூரிப் பையன்கள் சிலர்தான் கையோடு இங்கிலீஷ் ரெக்கார்டு கொண்டுவருவார்கள். அப்படி வந்தது இது. வெறும் பச்சை அட்டை, மேலே பெயர் மட்டும். பிரித்தால் உள்ளே ரோஜர் டீன் வரைந்த ஒரு நீர்ப்பரப்பு, விளிம்பெல்லாம் வழிந்து கீழே கொட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கக் கூடாது.

மொத்தம் மூன்றே பாட்டு. முதல் பக்கம் முழுக்க ஒன்றே ஒன்று, 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். பதிகிறவனுக்குத் தலைவலி பிடித்த பாட்டு. தொடக்கத்தில் பறவைச் சத்தமும் ஓடும் தண்ணீரும் மெல்ல எழும். அதை நம்பி லெவலை ஏற்றி வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் குழு மொத்தமும் ஒரேயடியாகப் பாயும், மீட்டர் ஊசி சிவப்பில் போய் முட்டும். அதனால் ஒரு தடவை முழுக்க ஓடவிட்டு, எங்கே சத்தம் உச்சத்துக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் பதிய வேண்டும். இதில் உச்சம் நடுவில் இருக்கிறது. பாட்டு அடங்கி, கிட்டத்தட்ட பிரார்த்தனை மாதிரி ஆனபிறகு கீபோர்டு வாசிக்கும் ரிக் வேக்மனின் பைப் ஆர்கன் கிளம்பும். லண்டனில் செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் என்ற பழைய தேவாலயத்தில் பதிவு செய்தது அது. கடை ஸ்பீக்கரில் கண்ணாடி ஷோகேஸ் அதிர்ந்தது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இத்தனை வருடம் கழித்து ஒரு நல்ல ஹெட்ஃபோனில் திரும்பக் கேட்டேன். இந்தத் தடவை காது போனது பாட்டைத் தேடி இல்லை, ஒட்டைத் தேடி.

காரணம் இதுதான். 1972இல் அட்விஷன் ஸ்டுடியோவில் இதைப் பதிவு செய்தபோது, முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசிக்க அவர்களால் முடியவில்லை. யாராலும் முடியாது. இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று துண்டு துண்டாக வாசித்துப் பதிந்தார்கள். ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்டு அந்த டேப்புத் துண்டுகளை வெட்டி ஒட்டி ஒரே பாட்டாக்கினார். துப்புரவு செய்ய வந்தவர் ஒரு துண்டைக் குப்பை என்று எறிந்துவிட, எல்லாரும் தொட்டியைக் கிளறித் தேடினார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

வெட்டுவது ஒட்டுவது எனக்குத் தெரிந்த வேலை. அறுந்த கேசட்டோடு தினமும் யாராவது வந்து நிற்பார்கள். டேப்பை நேராக வெட்டினால் ஒட்டு வரும் இடத்தில் 'டிக்' என்று கேட்கும். சாய்வாக வெட்ட வேண்டும். அப்போதுதான் ஒரு சத்தம் தேயத் தேய அடுத்தது உள்ளே வரும். அதற்கப்புறம் விரல் நகத்தால் அழுத்தித் தேய்த்து, பென்சிலைச் செருகிச் சுற்றிவிட வேண்டும். இதையே இரண்டு அங்குல அகல டேப்பில், ஐந்து பேரின் உழைப்பு மேலே கிடக்க, பிளேடால் செய்வதென்றால் எனக்குக் கை நடுங்கும்.

ஆரம்பத்து ஓட்டத்தில் கிட்டாரும் டிரம்ஸும் தலைதெறிக்கப் போகும்போது நடுவில் எல்லாம் டக்கென்று நின்று, குரல்கள் மட்டும் 'ஆ' என்று எழும். மறுகணமே பழையபடி ஓட்டம். அது ஒட்டாக இருந்தாலும் சரி, வாசித்ததாக இருந்தாலும் சரி, பிளேடு வைத்து யோசித்தவர்களின் இசை. ஆர்கன் பகுதியைத் தாண்டும்போது இன்னும் நன்றாகத் தெரியும். கல் கட்டடத்தின் எதிரொலி காணாமல் போய், காற்றே இல்லாத ஸ்டுடியோவுக்குள் வந்து விழுகிறோம். இதை மறைக்க அவர்கள் மெனக்கெடவே இல்லை. அறை மாறுவதே அங்கே பாட்டாகிவிடுகிறது.

பழைய டேப்புகளிலிருந்து ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் புதிதாகக் கலந்து 2013இல் வந்த ரீமிக்ஸையும் கேட்டேன். எல்லாம் பிரிந்து சுத்தமாகக் கேட்கிறது. கிறிஸ் ஸ்கொயரின் ரிக்கன்பேக்கர் பேஸ் எந்தக் கம்பியில் நிற்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம் போல இருக்கிறது. ஆனாலும் எனக்கு 1972 மிக்ஸ்தான். அதில் கொஞ்சம் நெரிசல் இருக்கிறது, இந்தப் பாட்டுக்கு அது வேண்டும்.

வரிகளைப் பற்றி என்ன சொல்ல? பாடகர் ஜான் ஆண்டர்சன் எழுதியதில் பாதி எனக்கு அன்றும் பிடிபடவில்லை, இன்றும் இல்லை. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலைப் படித்த தாக்கம் என்பார்கள். ஆறு, கரை எல்லாம் அதிலிருந்து வந்தது. ஹெஸ்ஸேயின் அம்மா தலச்சேரியில் பிறந்தவர். அம்மாவின் அப்பா ஹெர்மன் குண்டர்ட், மலையாள அகராதி செய்த அதே பாதிரியார். அகராதி 1872, நாவல் 1922, ரெக்கார்டு 1972. ஐம்பது ஐம்பது வருடம். இதில் ஒரு அர்த்தமும் கிடையாது, ஆனால் கவனித்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு, 'அண்ட் யூ அண்ட் ஐ'. ஸ்டீவ் ஹவ் பன்னிரண்டு கம்பி கிட்டாரை லேசாகத் தொட்டுப் பார்க்கிறார், யாரோ 'ஓகே' என்கிறார்கள், பாட்டு தொடங்குகிறது. அந்த 'ஓகே' ஹெட்ஃபோனில் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்கிறது. பின்னால் விரிந்துகொண்டே போகும் தந்தி இசை மெலோட்ரான் என்ற கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு டேப்புத் துண்டு இருக்கும், அழுத்தினால் எட்டு விநாடி போல ஓடி நிற்கும். அங்கேயும் டேப்புதான்! என்னைக் கேட்டால் ஆல்பத்தில் இதுதான் நல்ல பாட்டு. நீளமான பாட்டு பிரமிக்க வைக்கும், இது பிடித்துப்போகும்.

கடைசிப் பாட்டு 'சைபீரியன் கட்ரு'வில் பில் ப்ரூஃபோர்டின் டிரம்ஸைத் தனியாகக் கேளுங்கள். சுருக்கமான, சுள்ளென்ற அடி. ரெக்கார்டு கடைக்கு வரும் முன்னாலேயே அவர் இவர்களை விட்டு கிங் கிரிம்சன் என்ற இன்னொரு குழுவுக்குப் போய்விட்டார். அதன்பின் ஆலன் வைட் வந்து, சில நாள் அவகாசத்தில் இந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்க வேண்டியதாயிற்று. ப்ரூஃபோர்டு பின்னாளில் சர்ரே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

மாப்பிள்ளையிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்து முதல் பாட்டைப் போட்டேன். பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நாலு நிமிடம் ஆனதும் ஒரு பக்கக் காதைத் தூக்கிவிட்டு, "பாட்டு எப்ப மாமா ஆரம்பிக்கும்?" என்றார். 'சைபீரியன் கட்ரு'வை மட்டும் தன் போனில் ஏற்றிக்கொண்டார்.