உப்பு போட்டு வறுத்த பீக்கன்: ஒரு கைப்பிடியில் என்ன இருக்கிறது?

பீக்கன் என்பது வால்நட் போன்ற ஒரு கொட்டைப் பருப்பு. ஒரு கைப்பிடி, அதாவது 28 கிராம் என்பது ஏறக்குறைய 19 பாதிப் பருப்புகள். அதில் சுமார் 200 கலோரி. பெரும்பகுதி 21 கிராம் கொழுப்பிலிருந்தே வருகிறது. பயப்பட வேண்டாம், நிறைவுற்ற கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவு. நார்ச்சத்து, புரதம் இரண்டும் தலா 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. புரதத்துக்காக பீக்கன் சாப்பிடுகிறேன் என்பவர்கள் வேறு பருப்பைத் தேடுவது நல்லது. மாங்கனீஸ் மட்டும் தாராளம்: ஒரு நாள் தேவையில் ஏறத்தாழ பாதி.

உப்பு விஷயத்தைத்தான் கவனிக்க வேண்டும். பச்சைப் பீக்கனில் சோடியம் கிட்டத்தட்ட இல்லை. உப்பிட்டு வறுத்ததில் 28 கிராமுக்கு 110 மில்லிகிராம் அளவில் இருக்கும். இது பெரிய அளவல்ல. ஆனால் பாக்கெட்டோடு உட்கார்ந்தால் 100 கிராம் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அப்போது 710 கலோரி, 380 மில்லிகிராம் சோடியம். அதனால் கிண்ணத்தில் அளந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வறுப்பதானால் 100 கிராமுக்கு 1 கிராம் உப்பு போதும். உலர்ந்த பருப்பில் உப்பு ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும். அதனால் உப்பை ஒரு டீஸ்பூன் வெந்நீரில் கரைத்துப் பருப்பில் பிசறி, 160 டிகிரி ஓவனில் 10 நிமிடம் வையுங்கள். பாதியில் ஒருமுறை கிளறுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள்: உள்ளே வெளிர் பழுப்பு வந்ததும் எடுத்துவிட வேண்டும். சூட்டிலேயே மேலும் கருக்கும், கசக்கும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். இவ்வளவு எண்ணெய் உள்ள பருப்பு வெளியில் இருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை பிடித்துவிடும்.