65 லீற்றர் கடல்: ஹட்டன் நாட்குறிப்பு

2025 ஜனவரி 17, வெள்ளி

மூன்றாவது தடவையாகவும் சோதித்துவிட்டேன். அமோனியா பூச்சியம், நைத்திரைற்று பூச்சியம், நைத்திரேற்று 5. கார்த்திகைக் கடைசியில் என் பவளத் தொட்டியில் உப்புக் கலந்து வைத்த நீர், ஏழு வாரங்களுக்குப் பிறகு இன்றுதான் பவளத்தை ஏற்கும் நிலைக்கு வந்திருக்கிறது. கண்ணாடியிலும் மணலிலும் தயற்றங்கள் என்ற நுண்பாசிகள் படர்த்தியிருந்த கபிலப் படலத்தை நத்தைகள் ஏறக்குறைய மேய்ந்து முடித்துவிட்டன.

கட்டக் கொப்பியில் தொட்டியை மேலிருந்து ஒரு தடவையும் முன்னாலிருந்து ஒரு தடவையும் வரைந்தேன். நீளம் 60 சென்ரிமீற்றர், அகலம் 30, உயரம் 36. மீன் தீனியில் ஒரு சிட்டிகையைப் பொடியாக்கிப் பம்பியின் வாயருகே விட்டு, துகள்கள் எங்கே விரைகின்றன, எங்கே சுழல்கின்றன, எங்கே தங்கிப் போகின்றன என்று டோர்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது மேற்பாறையில் அவை அம்புபோலப் பாய்ந்தன. நடுப்பாறையின் தோளில் அசைந்து அசைந்து கடந்தன. வலது குகையின் வாயிலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மணலில் படிந்தன. வேகமான இடத்துக்குப் பெருக்கல் குறியும், மிதமான இடத்துக்கு வட்டமும், அமைதியான இடத்துக்குப் புள்ளியும் போட்டு வைத்திருக்கிறேன். லெதர் என்ற மென்பவளத்துக்கு இடது மேற்பாறை என்று பென்சிலால் எழுதியாயிற்று.

அம்மாவின் மருத்துவ அறிக்கை செவ்வாய்க்கிழமை கிடைக்கும் என்றார்கள். இன்றிரவு பஸ்ஸில் கொழும்புக்கு இறங்குகிறேன்.

ஜனவரி 18, சனி

சிவனொளிபாதமலைப் பருவகாலமாகையால் காலைப் புகையிரதத்தில் நிற்கவும் இடமில்லை. முன்பதிவு செய்த இருக்கையில், ரிஜிபோம் பெட்டியை மடியில் வைத்தபடி ஐந்தரை மணிநேரத்துக்கும் மேலாக அசையாமல் உட்கார்ந்து வந்தேன். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் காற்று மாறியது. வட்டவளையில் மூடுபனி ஜன்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. எதிரில் இருந்த பாட்டி பெட்டியில் என்ன என்று கேட்டார். உயிருள்ள பவளம், குளிர் ஆகாது என்று சொன்னேன். அவர் வேறெதுவும் கேட்காமல் தம் சால்வையை எடுத்துப் பெட்டியின் மேல் போர்த்தினார். ஹட்டனில் இறங்கும்போதுதான் திருப்பிக் கொடுத்தேன்.

உள்ளங்கை அகல லெதர் ஒன்று, ஊதா நிற விரிப்புப் போன்ற தோலில் கிரீன் ஸ்டார் ஒரு துண்டு, ஒன்பது தலைகள் கொண்ட சோவாந்தஸ், சிவப்பு மஷ்ரூம் இரண்டு. எல்லாமே வெள்ளவத்தை அண்ணன் தம் தொட்டியில் வளர்த்து வெட்டித் தந்தவை. கடலிலிருந்து பெயர்த்தது ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் இரண்டு மாதம் காத்திருந்தேன்.

பைகளுக்குள் வெப்பநிலை 22.5 பாகை, தொட்டியில் 26. இருபது நிமிடம் பைகளை மிதக்கவிட்டு, பிறகு மெல்லிய குழாயால் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக முக்கால் மணிநேரம் கலந்து, பை நீரைத் தொட்டியில் ஊற்றாமல் பவளங்களை மட்டும் எடுத்து மணலில் வைத்தேன். விளக்கை முப்பது சதவீதத்துக்குக் குறைத்திருக்கிறேன். மேலே ஏற்றுவதெல்லாம் பிறகுதான்.

"கல்லையா தம்பி இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்த?" என்று அம்மா கேட்டார். ஆனால் இரவு ஒன்பது மணிவரை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

எல்லாம் மூடியே இருக்கின்றன.

ஜனவரி 20, திங்கள்

பாடசாலை விட்டு வந்தபோது கிரீன் ஸ்டார் விரிந்திருந்தது! ஊதாத் தோலின் துளைகளிலிருந்து, மழைக்குப் பிறகு முளைக்கும் புல்லைப்போல, பச்சை இழைகள் எழுந்து ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு இதழ்கள். பூதக்கண்ணாடியால் எண்ணினேன்.

இதைப் பெரிய பாறையில் ஒட்டக் கூடாது. தோல் படர்ந்து தொட்டதையெல்லாம் மூடிவிடும்; பாறையை உடைக்காமல் அதைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. அதனால் இடது முன்மூலையில், சுற்றிலும் வெறும் மணல் இருக்கும்படி, தனிக்கல்லொன்றில் சூப்பர் குளூ ஜெல்லால் ஒட்டினேன். கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருக்கிறது. அதையும் அது ஒருநாள் தாண்டத்தான் பார்க்கும்.

ஜனவரி 21, செவ்வாய்

அறிக்கை வரவில்லை.

ஜனவரி 23, வியாழன்

கையுறையும் கண்ணாடியும் அணிந்துதான் சோவாந்தஸைத் தொட்டேன். இந்த இனத்தில் சிலவற்றிடம் பாலிடொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கையில் கீறல் இருந்தாலும், வெட்டும்போது சாறு கண்ணில் தெறித்தாலும் ஆபத்து. இவை படர்ந்த கல்லைச் சுத்தம் செய்வதாக எண்ணிக் கொதிநீரில் போட்டு, அந்த ஆவியைச் சுவாசித்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அம்மாவை அறைக்குள் போய் இருக்கச் சொன்னேன். கத்தி, தட்டு, துணி எல்லாவற்றையும் சமையலறைப் பொருட்களிலிருந்து பிரித்துத் தனி வாளியில் வைத்திருக்கிறேன், அப்படியே இருக்கட்டும்.

வட்டம் போட்ட இடத்தில், நடுப்பாறையின் தோளுக்குக் கீழே உள்ள சரிவில் ஒட்டினேன். மிதமான ஒளி, மிதமான ஓட்டம், சுற்றிலும் எட்டுச் சென்ரிமீற்றர் வெறும் பாறை.

மஷ்ரூமுக்கு ஒட்டுப்பசை பயனில்லை. அது வழவழப்பைச் சுரந்து கழன்றுவிடும். வலது குகையின் வாயிலில் சிறு கண்ணாடிக் கிண்ணம் வைத்து, அதற்குள் உடைந்த பாறைச் சல்லிகளைப் போட்டு, மஷ்ரூம்களை மேலே இருத்தி வலையால் மூடியிருக்கிறேன். தானாகவே ஏதாவது ஒரு சல்லியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

லெதர் இன்னும் மூடியே இருக்கிறது. ஐந்தாம் நாள்.

ஜனவரி 25, சனி

மணலில் ஒளி போதவில்லை என்று நினைத்து லெதரை இடது மேற்பாறைக்கு ஏற்றினேன். விளக்கை ஐம்பது சதவீதமாக்கினேன்.

ஜனவரி 28, செவ்வாய்

தவறு செய்துவிட்டேன். அங்கே ஓட்டம் ஒரே திசையில் அடிப்பதால் லெதரின் குடை ஒருபக்கமாக மடங்கி, தண்டு சுருக்கம் விழுந்து கிடந்தது. பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டு அதை நடுப்பாறையின் தோளுக்கு இறக்கினேன். பம்பியையும் பின்கண்ணாடியை நோக்கித் திருப்பினேன், இப்போது நீர் மோதிச் சிதறி இரு பக்கமாகவும் வருகிறது. இடம் மாறியது ஒன்று, ஒளி மாறியது இரண்டு, ஓட்டம் மாறியது மூன்று. பத்து நாட்களுக்குள் மூன்று மாற்றங்கள். மாணவர்களுக்குப் பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று கற்பிக்கிறவன் நான்.

அறிக்கையை மறுபடியும் எடுக்க வேண்டுமாம்.

ஜனவரி 29, புதன்

இரவு இரண்டு மணி. அம்மா இருமினார், எழுந்தேன். வீட்டுக்குள் 14 பாகை, தொட்டியில் 25.9. ஹீட்டர்கள் இரண்டும் ஒளிர்கின்றன. கொழும்பில் இதே தொட்டி வைத்திருப்பவர்கள் நீரைக் குளிர்விக்க வழி தேடுகிறார்கள். நான் சூடாக்க வழி தேடுகிறேன். டோர்ச்சை லெதரின்மேல் அடித்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது.

பெப்ரவரி 1, சனி

லெதரின் மேற்பரப்பில் மெழுகு பூசியதுபோல மினுமினுப்பான படலம் வந்திருக்கிறது. விளிம்பில் பாசித் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அழுகத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக் கை நடுங்கியபடி வெள்ளவத்தை அண்ணனுக்கு அழைத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இரண்டே கேள்விகள்: மணக்கிறதா, தண்டு கூழாகிவிட்டதா? இரண்டுக்கும் இல்லை என்றேன். "அப்ப தோல் உரிக்கப் போகுது தம்பி. கையை மட்டும் வைக்காதீங்க" என்றார்.

லெதர் இப்படித்தான் தன்மேல் படிந்த அழுக்கையும் பாசியையும் படலத்தோடு சேர்த்துக் கழற்றிவிடுமாம். சில நாட்களில் முடிவதும் உண்டு, இரண்டு மூன்று வாரங்கள் இழுப்பதும் உண்டு. அதுவரை படலத்தை அடித்துப் போகும் அளவுக்கு ஓட்டம் மட்டும் வேண்டும். தன்னைச் சுற்றியுள்ள பவளங்களை அடக்குவதற்காக அது நீரில் இரசாயனங்களை விடும் என்பதும் நினைவுக்கு வந்தது. அவற்றை உறிஞ்சும் காபன் பையைப் புதிதாக மாற்றினேன்.

பெப்ரவரி 4, செவ்வாய்

விடுமுறை. கிண்ணத்தில் ஒரு மஷ்ரூம்தான் இருக்கிறது. வலையின் ஓரம் தூக்கியிருந்தது. காலை முழுவதும் தேடி, பம்பியின் பின்னால் இல்லை, மணலில் இல்லை என்று கைவிட்ட நேரத்தில் அம்மா கூப்பிட்டுக் காட்டினார்: குகையின் உள்சுவரில், நான் எவ்வளவு முயன்றாலும் ஒட்ட முடியாத ஒரு நிழலில், நாணயத்தைப்போலத் தட்டையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புள்ளி போட்ட இடத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளி. அங்கேயே இருக்கட்டும்.

பெப்ரவரி 6, வியாழன்

அம்மாவின் வெற்றிலைத் தட்டு தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுண்ணாம்பு டப்பியைத் திறந்து வைத்திருந்தார். கல்சியம் ஐதரொட்சைட்டு. கல் பவளம் வளர்ப்பவர்கள் இரவில் சொட்டுச் சொட்டாக விடும் தெளிந்த சுண்ணாம்பு நீரும் இதுவேதான். கல்சியமும் காரத்தன்மையும் ஒன்றாகவே ஏறும். தெற்குக் கரையில் ஒரு காலம் பவளத்தையே சூளையிலிட்டுச் சுட்டு இந்தச் சுண்ணாம்பைச் செய்தார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். விரல் நுனியில் எடுத்த சுண்ணாம்பை அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

என் மென்பவளங்களுக்குக் கல் எலும்புக்கூடு இல்லாததால் இப்போதைக்கு அது தேவையில்லை. வாரம் ஆறு லீற்றர் நீர் மாற்றினாலே போதும். நீர்தான் பிரச்சினை: வீட்டுக்கு வருவது பீலித்தண்ணீர் (மலை ஊற்று நீர்), மென்மையானது, குடிக்க அருமையானது, ஆனால் பீலிக்கு மேலே முழுவதும் தேயிலை. உரம் போட்ட வாரத்தில் மழை பெய்தால் நைத்திரேற்றுச் சோதனை சிவந்துவிடுகிறது. வடிகட்டி வழியாக வருவதைத்தான் சேர்க்கிறேன். சூடான நீர், குளிர்ந்த காற்று. நாளுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் ஆவியாகிறது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே நிற்கிறது என்பதால் ஈடுசெய்வதும் நன்னீரால்தான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலை பதினொன்றரை அளவில் மின்சாரம் நின்றது. வழக்கமான மரம் விழுந்த கதை என்று நினைத்தேன்; நாடு முழுவதுமே நின்றுவிட்டதாகப் பிறகுதான் தெரிந்தது. ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

பம்பி நின்றதும் தொட்டி எவ்வளவு அமைதியாகிவிடுகிறது என்பதை இன்றுதான் கேட்டேன். கிரீன் ஸ்டார் பத்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வளியமுக்கம் குறைவென்பதால் இங்குள்ள நீர் ஏற்கும் ஒட்சிசனும் கடற்கரையில் ஏற்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. மின்கலக் காற்றுப் பம்பி இரண்டு மணிநேரத்தில் ஓய்ந்தது. கடைக்குப் போய் வருவதற்குள் அம்மா செம்பை எடுத்து, தொட்டி நீரை மொண்டு மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், விடவில்லை. இந்த உடம்போடு இருநூறு செம்பாவது ஊற்றியிருப்பார்.

மூன்று மணிக்கு 24.7. கொழுந்துக்குப் போன காலத்தில் அம்மா தலைக்குப் போர்த்திய கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடியைச் சுற்றிலும் கட்டினோம். கொதிநீர் அடைத்த போத்தல் இரண்டை மிதக்கவிட்டேன். ஐந்தரைக்கு 23.6. ஆறு மணிக்குச் சற்று முன் விளக்கு வந்தது.

பெப்ரவரி 10, திங்கள்

இன்று சுழற்சி முறையில் ஒன்றரை மணிநேரம் வெட்டு. மீண்டும் கம்பளி.

அண்ணன் ஆறுதல் சொன்னார்: சில மணிநேரம் இரண்டு பாகை இறங்குவதைப் பவளம் தாங்கும், வாரக்கணக்கில் ஒரு பாகை ஏறி நிற்பதைத்தான் தாங்காது. 1998இல் எல் நினோ வெப்பத்தில் ஹிக்கடுவைப் பவளங்கள் வெளிறிப் பெரும்பகுதி மடிந்தது அப்படித்தான். திசுவுக்குள் வாழ்ந்து உணவூட்டும் நுண் அல்காக்களை வெப்பத்தில் பவளம் வெளியே தள்ளிவிடுகிறது, பிறகு பட்டினிதான்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். அம்மா கோவிலுக்கு வரவில்லை. நேற்றிரவு காய்ச்சல்.

பெப்ரவரி 15, சனி

உரிந்துவிட்டது. காலை விளக்குப் போட்டபோது, ஈர வெங்காயத் தோலைப்போன்ற ஒரு படலம் லெதரின் விளிம்பில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. இழுக்க வேண்டும்போல் கை பரபரத்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பத்தரைக்கு அது தானாகக் கழன்று பம்பியை நோக்கிப் போனது, அதை மட்டும் வலையால் எடுத்தேன். உள்ளே வெளிர் மஞ்சள், புத்தம் புதிது.

அம்மா தினமும் கேட்கும் கேள்வியை இன்றும் கேட்டார்: "கண்ணைத் தொறந்திருச்சா?" இன்னும் இல்லை, ஆனால் முகம் கழுவிவிட்டது என்றேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

திறந்திருக்கிறது. குடை முழுவதும் மயிர்க்கால்களைப்போல நூற்றுக்கணக்கான கைகள். கட்டிலிலிருந்தே தெரியும்படி நாற்காலியை நகர்த்திவிட்டு அம்மாவுக்குக் காட்டினேன். முப்பத்தோராவது நாள்.

பெப்ரவரி 22, சனி

ஒருவர் அழைத்து, கல் பவளம் ஒன்று மலிவாகத் தரலாம் என்றார். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நம் கடலிலிருந்து கல் பவளத்தைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

சோவாந்தஸில் பதினொரு தலைகள். ஆனால் லெதர் விரிந்த பிறகு அதன் குடை நான் கொப்பியில் வரைந்ததைப்போல ஒன்றரை மடங்கு அகலம். பிற்பகலில் நிழல் சரிவின்மேல் விழுந்து, கீழ்வரிசையில் மூன்று தலைகள் ஒளியைத் தேடிக் கழுத்து நீட்டுகின்றன. நகர்த்த வேண்டியது சோவாந்தஸைத்தான். லெதரைத் தொட மாட்டேன். வலப்பக்கம் 11 சென்ரிமீற்றர் இடம் அளந்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அம்மாவோடு கண்டிக்குப் போய்வந்த பிறகு நகர்த்துவேன்.