நாநெல் வந்த பிறகு எங்கள் குவாரி

கரூர் பக்கம் ஒரு ஜல்லி குவாரியில் ஃபோர்மேன் வேலை எனக்கு. 2025 ஏப்ரல் முதல் மின்சார டெட்டனேட்டருக்கு, அதாவது கரண்டில் வெடியைத் தூண்டும் கேப்புக்கு, தடை என்று மத்திய அரசு அறிவித்ததும், கரண்டு இல்லாமல் பிளாஸ்டிக் டியூப் வழியே தூண்டும் நாநெலுக்கு மாறச் சொல்லிவிட்டார் முதலாளி. விலை கூடுதல் என்று கொஞ்ச நாள் புலம்பினார், அப்புறம் பழகிவிட்டது.

பழகாதவர் வெடி வைக்கும் எங்கள் பிளாஸ்டர் அண்ணன்தான். "கரண்டு கேப்புன்னா மீட்டர் வச்சு சர்க்யூட் பார்ப்பேன். இந்த டியூபை எதை வச்சுப் பார்க்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. நாநெல் டியூபுக்குள் கம்பியே கிடையாது. உட்சுவரில் பூசிய மருந்தின் வழியே அதிர்வலை வினாடிக்குச் சுமார் 2,000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மீட்டருக்கு அங்கே வேலையில்லை. அதனால் இருவர் எதிரெதிர் முனையிலிருந்து நடந்து, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். மழைக்காலம் வந்ததும் அண்ணனே வழிக்கு வந்தார். முன்பெல்லாம் ஒயர் மாட்டிய நேரத்தில் மேகம் கறுத்தால், மின்னல் கரண்டு கேப்பைத் தூண்டிவிடுமோ என்று அவருக்கு உயிரே போய்விடும். இடி மின்னல் என்றால் இப்போதும் ஆட்களை வெளியேற்றிவிடுகிறோம், அது வேறு.

நான் எதிர்பார்க்காத விஷயம் ஊருக்குள் இருந்தது. நாநெலில், பாறையில் துளைத்து மருந்து நிரப்பிய குழிகள் ஒன்றுக்கொன்று சில மில்லி வினாடி இடைவெளி விட்டு வெடிப்பதால் தரை அதிர்வு குறையும் என்றார்கள். அருகிலுள்ள வீட்டில் கருவி வைத்து அளந்தோம். சாதாரண வீடுகளுக்கு, குறைந்த அதிர்வெண்ணில், சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் வைத்த வரம்பு வினாடிக்கு 5 மி.மீ. எங்கள் அளவு அதற்குக் கீழே நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த வீட்டம்மா, "ஜன்னல் ஆடுது, நீங்க மெஷினைக் காட்டுறீங்களே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஜன்னலை ஆட்டியது தரை இல்லை, காற்று. மருந்து வைத்த பிறகு குழி வாயை, துளை போடும்போது வரும் டிரில் தூளால் அடைத்து வந்தோம். வெடித்ததும் அது பீய்ச்சிக்கொண்டு போய்விடும், சத்தமும் கூடவே வரும். தூளுக்குப் பதில் எங்கள் கிரஷரிலேயே விழும் 6 எம்எம் கல் சிப்ஸை, முன்பைவிட அதிக ஆழத்துக்குப் போட ஆரம்பித்தோம். முனை முனையாக இருப்பதால் அது குழிக்குள் பூட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கெட் சுமக்க வேண்டியிருக்கிறதே என்று டிரில்லர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் கல் முன்பைவிடச் சிறிதாக உடைந்தது, பெரிய கல்லை உடைக்கும் பிரேக்கர் வண்டிக்கு வேலை குறைந்தது. என்னைக் கேட்டால், பாதிப் பலன் நாநெலால், மீதி அந்தச் சிப்ஸால்.

அந்த அம்மா இப்போது வெடியைப் பற்றிப் பேசுவதில்லை. லாரிப் புழுதிக்குத் தண்ணீர் அடிக்கச் சொல்லி நிற்கிறார்.