கனடாவின் பெண்கள் சிறையில் ‘மேக்சிமம்’ முத்திரையை எதிர்ப்பது

கனடாவில் 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால் ஃபெடரல் (மத்திய அரசு) சிறை. அங்கே மேக்சிமம், மீடியம், மினிமம் என்ற மூன்று பாதுகாப்பு முத்திரைகளில் ஒன்று கிடைக்கும். மீடியம், மினிமம் பெண்கள் பெரும்பாலும் வீடு மாதிரியான குடியிருப்புகளில் தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள். மேக்சிமம் என்றால் அதே வளாகத்தில் பூட்டிய தனிப் பிரிவு.

இந்த முத்திரையை எதிர்க்க “திருந்திவிட்டேன்” என்று உருகி எழுதும் மனு எடுபடாது. முதலில் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஆரம்ப வகைப்பாடு ‘கஸ்டடி ரேட்டிங் ஸ்கேல்’ கணக்கில் வருகிறது. ஆண் கைதிகளை வைத்து உருவாக்கிய அளவுகோல் அது. சிறைக்குள் ஒத்துப்போவதில் எவ்வளவு சிக்கல் என்பதற்கு ஒரு கூட்டல், பாதுகாப்பு அபாயத்துக்கு ஒரு கூட்டல். முன்னதில் 95 அல்லது பின்னதில் 134 தொட்டால் மேக்சிமம். கைதாகும் முன் வேலை, வீடு, குடும்பம் எப்படி இருந்தது என்று பார்க்கும் ‘ஸ்ட்ரீட் ஸ்டெபிலிட்டி’ இரண்டிலும் வருகிறது. தெருவில் படுத்தவளுக்கு ஒரே குறைக்கு இரண்டு அடி! வயது குறைந்தாலும் மதிப்பெண் ஏறும்.

கூட்டல் மீடியம் என்று சொல்லியும் அதிகாரி மேலே தூக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். ஃபெடரல் சிறைகளுக்கான ‘கரெக்‌ஷன்ஸ் அண்ட் கண்டிஷனல் ரிலீஸ்’ சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி எழுத்தில் காரணம் தர வேண்டும். பழைய சம்பவ அறிக்கை தப்பாக இருந்தால் 24ஆம் பிரிவில் திருத்தம் கேளுங்கள். மறுத்தாலும், நீங்கள் கேட்டீர்கள் என்ற குறிப்பு கோப்பில் ஏற வேண்டும். அடுத்த மறுஆய்வில் அந்தக் குறிப்பு உதவும்.

பலர் தடுக்கி விழுவது எந்தக் கதவைத் தட்டுவது என்பதில். கீழே இறக்க மறுத்தால் வழக்கமான வழி சிறைத்துறைக்குள்ளேயே செய்யும் உள்முறையீடு. அது ஒட்டாவாவில் ஆணையர் மட்டம் வரை போகும். அந்த இறுதிப் பதில் கையில் கிடைத்த 30 நாளுக்குள் ஃபெடரல் நீதிமன்றம். மீடியத்திலிருந்து மேக்சிமத்துக்கு ஏற்றினால் கதை வேறு. இருந்த சுதந்திரம் பறிபோனதால் மாகாண உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், முறையீடு முடியக் காத்திருக்க வேண்டாம். மதிப்பெண் கணக்கை மறைத்ததற்காகவே சிறைத்துறை 2005இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது (மே என்ற கைதி எதிர் ஃபெர்ன்டேல் சிறை). முடிவு நியாயமானதா என்பதையும் அந்த மனுவிலேயே கேட்கலாம் என்று 2014இல் கேலா வழக்கில் தீர்ப்பானது.

எந்தக் காகிதம் வந்தாலும் கைக்கு வந்த தேதியை அதன் மூலையில் உடனே எழுதிவிடுங்கள். 30 நாள் கணக்கில் தகராறு வந்தால் காட்ட அது வேண்டும்.