அமைச்சரின் பதிலில் எதைப் படிக்க வேண்டும்?

போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் நாடாளுமன்றத்தைப் பற்றிப் படிக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் நடந்ததைப் படிப்பதில்லை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அவையில் வாய்மொழிப் பதில், குறியிடாத கேள்விக்கு எழுத்துப் பதில் என்று எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை, அதற்கு அமைச்சர் தந்த பதிலை, இணைப்பு அட்டவணை உட்பட முழுதாக வாசித்தவர் அவர்களில் அரிது.

குடிமைப் பணி முதன்மைத் தேர்வை நான் தமிழில் எழுதினேன். பொது அறிவு இரண்டாம் தாளுக்கு, அதாவது ஆட்சிமுறையும் சமூக நீதியும் வரும் தாளுக்கு, எனக்கு மிகவும் கைகொடுத்தவை இந்தக் கேள்வி பதில்கள்தான். மாதாந்திர நடப்பு நிகழ்வுத் தொகுப்புகளையும் வாங்கினேன். அவை திட்டத்தின் பெயர், தொடங்கிய நாள், ஒதுக்கிய தொகை ஆகியவற்றைச் சொல்லும். அந்தத் திட்டத்தில் யாருக்கு என்ன குறை என்பதைச் சொல்லாது. அதைத் தெரிந்து வைத்திருப்பவர் தன் தொகுதி மக்களின் மனுக்களோடு உட்கார்ந்திருக்கும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். அவர் கேட்கும் கேள்வியிலேயே குறை இருக்கும். பதிலில் அரசின் தரப்பு இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பதைத்தான் தேர்வாணையம் 'விமர்சன நோக்கில் ஆராய்க' என்று கேட்கிறது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பாடநூலில் இருப்பவைதான். மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 இறுதியிலிருந்து நண்பகல் 12 மணிக்கு. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 குறியிடாத கேள்விகள். மாநிலங்களவையில் 15, 160. எந்தக் கேள்வி முதலில் என்பது குலுக்கலில் முடிவாகிறது. அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஒதுக்கப்படும். முதல்நிலைத் தேர்வில் சறுக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு: கேள்வி நேரம் அரசியலமைப்பில் இல்லை, அவை நடைமுறை விதிகளில் இருக்கிறது, முன்னறிவிப்பின்றி அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரமோ அந்த விதிகளிலும் இல்லை, வழக்கத்தில் வந்தது.

மக்களவை விதிப்படி ஒரு கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு எதுவும் அதில் இருக்கக் கூடாது. அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்கக் கூடாது. முதன்மைத் தேர்வில் 10 மதிப்பெண் விடைக்கும் அதே 150 சொற்கள்தான். ஆவேசத்தை அடக்கிக்கொண்டு, அடுத்தவர் மறுக்க முடியாதபடி ஒரு விஷயத்தைச் சுருக்கமாக எழுதுவது எப்படி என்பதை எனக்குக் கற்றுத் தந்தவை நல்ல நாடாளுமன்றக் கேள்விகள். (அ) இந்தக் குறை அரசின் கவனத்துக்கு வந்திருக்கிறதா, (ஆ) ஆம் எனில் மாநில வாரியான விவரம் என்ன, (இ) இதற்குக் காரணம் என்ன, (ஈ) அரசு எடுத்த நடவடிக்கை என்ன என்று படிப்படியாக இறங்கும் அந்த அமைப்பே ஒரு விடையின் எலும்புக்கூடு.

சுகாதாரம், போக்குவரத்து, வேலைவாய்ப்பு ஆகிய மூன்றில் தொடங்குங்கள் என்று சொல்வேன். மூன்றும் எல்லார் வீட்டுக் கவலை என்பது ஒரு காரணம். எந்தத் துறையில் ஒன்றியம் சட்டம் இயற்றலாம், எதில் மாநிலம் இயற்றலாம் என்று பிரிக்கும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்றும் மூன்று விதமாக உட்கார்ந்திருக்கின்றன என்பது இன்னொன்று. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில். ரயில்வேயும் தேசிய நெடுஞ்சாலையும் மத்தியப் பட்டியலில். வேலைவாய்ப்பும் வேலையின்மையும் பொதுப் பட்டியலில். பதிலின் தொனி இதற்கேற்ப மாறுவதைக் கவனித்தால், கூட்டாட்சி பற்றித் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சுகாதார அமைச்சகத்தின் பதில் பெரும்பாலும் 'சுகாதாரம் மாநிலப் பொருள்' என்ற வாக்கியத்தோடு தொடங்கும். 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில், கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி வந்தது. சுகாதாரம் மாநிலப் பொருள், மாநிலங்கள் தரும் எண்ணிக்கையைத்தான் தொகுக்கிறோம், ஆக்சிஜன் பற்றாக்குறையால் ஏற்பட்ட மரணம் என்று எந்த மாநிலமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்றது பதில். நாடே கொதித்தது. தேர்வர் அதைக் கோபத்தோடு மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. 'மரணம் நிகழவில்லை' என்று அந்தப் பதில் சொல்லவில்லை. 'அப்படி ஒரு தலைப்பில் எங்களுக்குத் தகவல் வரவில்லை' என்று சொல்கிறது. தரவைச் சேகரிக்கும் கடமை யாருடையது, எந்தப் படிவத்தில் என்ன கேட்கப்படுகிறது, மாநிலம் சொல்லாததை ஒன்றியம் கேட்க வேண்டாமா என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் கிளம்பும். பேரிடர் மேலாண்மையில் மத்திய, மாநில உறவு பற்றி எந்த வினா வந்தாலும் இந்த ஒரு பதிலை வைத்து அரைப் பக்கம் எழுதலாம்.

எண்கள் வரும் பதில்களைப் படிக்க இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். 2022இல் மருத்துவர் பற்றாக்குறை குறித்த கேள்விகளுக்கு, நாட்டில் 834 பேருக்கு ஒரு மருத்துவர் இருக்கிறார், இது ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற உலக சுகாதார அமைப்பின் அளவைவிட மேம்பட்டது என்று பதில் வந்தது. அதே பதிலிலேயே கணக்கு எப்படிப் போடப்பட்டது என்றும் இருந்தது: பதிவு செய்த ஆங்கில மருத்துவர்கள் 13,08,009 பேரில் 80 சதவீதத்தினர் பணியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதோடு ஆயுஷ் (ஆயுர்வேதம், சித்தா, ஹோமியோபதி போன்ற முறைகள்) மருத்துவர்கள் 5.65 லட்சம் பேரையும் சேர்த்த கணக்கு. ஆயுஷை நீக்கினால் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவை எட்டாது என்பதைக் காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆயுஷைச் சேர்ப்பது சரியா தவறா என்பது தனி விவாதம். சித்த மருத்துவத்தை நம்பும் ஊரில் இருந்துகொண்டு நான் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் 834 என்று மட்டும் எழுதுகிற விடையும், அது எப்படி வந்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிற விடையும் ஒரே மதிப்பெண் வாங்காது.

போக்குவரத்தில் வேறு விதமான சுவாரசியம். ரயில்வே முழுக்க ஒன்றிய அரசின் கையில் இருப்பதால் 'மாநிலப் பொருள்' என்று ஒதுங்க வழியில்லை. அங்கே பதில் வேறு பாதையில் போகும். 60 வயது கடந்த ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயது கடந்த பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. மீண்டும் எப்போது வரும் என்று கட்சி வேறுபாடு இல்லாமல் உறுப்பினர்கள் தொடர்ந்து கேட்டார்கள். 2022-23இல் பயணிகளுக்கு ரயில்வே கொடுத்த மானியம் 56,993 கோடி ரூபாய், ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 46 சதவீதச் சலுகை கிடைக்கிறது என்று பதில் வந்தது. கேட்டது முதியவர்களைப் பற்றி. வந்தது எல்லாப் பயணிகளையும் பற்றி. தொகை உண்மையானதுதான், ஆனால் கேள்விக்கு அது விடையில்லை. இதே விஷயத்தில், ரயில்வே அமைச்சகத்தின் பணிகளை ஆராயும் உறுப்பினர்கள் குழுவான ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, படுக்கை வகுப்பிலும் மூன்றாம் ஏசி வகுப்பிலுமாவது சலுகையைத் திரும்பத் தருவது பற்றிப் பரிசீலிக்கச் சொன்னது. கேள்வி நேரத்தில் கிடைக்காத அழுத்தம் நிலைக்குழுவில் எப்படி உருவாகிறது என்று எழுத இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சாலை விபத்து பற்றிய பதில்களில் இணைப்பு அட்டவணைதான் முக்கியம். 2022இல் நாட்டில் 4,61,312 விபத்துகள், 1,68,491 உயிரிழப்புகள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், உயிரிழப்பில் உத்தரப் பிரதேசம் முதலிடம். இந்த இரண்டு வரிசைகளும் ஏன் ஒன்றாக இல்லை என்று யோசித்தாலே போதும்: அவசர ஊர்தி வரும் வேகம், விபத்துச் சிகிச்சை வசதி, காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும் வழக்கம் என்று விடை விரியும். போக்குவரத்துக் கேள்வி சுகாதாரக் கேள்வியாக மாறிவிடுவதும் தெரியும்.

வேலைவாய்ப்பில் முதலில் யாரிடம் கேட்பது என்பதே ஒரு பாடம். வேலையின்மை விகிதம் என்றால் தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகம். ஒன்றிய அரசில் காலிப் பணியிடம் என்றால் பிரதமரின் பொறுப்பில் உள்ள பணியாளர் அமைச்சகம். பதில் சொல்பவர் இணையமைச்சர். 2022 ஜூலையில் மக்களவையில் வந்த ஒரு பதிலைத் தேர்வர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 2014-15 முதல் 2021-22 வரை ஒன்றிய அரசுப் பணிகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி, பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம். ஆயிரத்துக்கு மூன்று பேர் சொச்சம். எங்கள் அறையில் அன்று இரவு யாருக்கும் படிப்பு ஓடவில்லை. ஆனால் அந்த எண்ணையும் துருவ வேண்டும். 22 கோடி என்பது விண்ணப்பங்கள், ஆட்கள் அல்ல. ஒருவரே ஆண்டுக்கு நான்கைந்து தேர்வுக்கு விண்ணப்பித்திருப்பார், நம்மைப் போல. அதோடு, 2021 மார்ச் 1 நிலவரப்படி ஒப்புதல் பெற்ற 40.35 லட்சம் பணியிடங்களில் 9.79 லட்சம் காலி என்று வேறொரு பதில் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் படம் முழுமையாகும்.

வேலையின்மை விகிதத்தில் அமைச்சர்கள் வழக்கமாகத் தருவது காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் 'வழக்கமான நிலை' எண்: 2017-18இல் 6.0 சதவீதம், 2022-23இல் 3.2 சதவீதம். அதே கணக்கெடுப்பில் 'நடப்பு வார நிலை' என்று இன்னொரு அளவும் உண்டு. 2022-23க்கு அது 5.1 சதவீதம். முன்னது கடந்த 365 நாட்களைப் பார்க்கிறது, பின்னது கடந்த 7 நாட்களை. வயலிலும் கடையிலும் கூலியில்லாமல் குடும்பத்துக்கு உதவுபவரும் இரண்டிலும் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுகிறார். இதைத் தெரிந்துகொண்டவருக்கு 'வேலையின்மை குறைந்திருக்கிறது, ஆனால் வேலையின் தரம் உயர்ந்திருக்கிறதா?' என்ற வினா எளிது.

சில தொடர்கள் பதில்களில் திரும்பத் திரும்ப வரும்; அவற்றின் அரசியலைப் புரிந்துகொள்ளுங்கள். 'அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை' என்றால் உள்பிரிவு (ஆ)வுக்கு 'இக்கேள்வி எழவில்லை' என்று பதில் வரும். 2020 செப்டம்பரில் பொதுமுடக்கத்தின்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர் பற்றிய கேள்விக்கு இப்படித்தான் நடந்தது. எண்ணிக்கை இல்லை, ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை. கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்ட கூட்டத்தொடர் அது. எழுத்துப் பதில் மட்டும்தான், அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து அவையிலேயே எழுப்பும் துணைக் கேள்வி கேட்க முடியாது. 'தகவல் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்' என்பது வேறு வகை. அது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அரசு உறுதிமொழிக் குழு அதைத் துரத்தும். ஒரு கேள்வி அமைச்சர் பதவியையே பறித்த கதை வேண்டுமென்றால் முந்த்ரா விவகாரத்தைப் படியுங்கள். தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் செய்த முதலீடு பற்றி 1957இல் மக்களவையில் எழுந்த கேள்வியை, ஆளுங்கட்சி உறுப்பினரான ஃபெரோஸ் காந்தி விடாமல் தொடர்ந்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

நேர்முகத் தேர்வில் குழு உறுப்பினர் ஒருவர், நான் மதுரைப் பக்கம் என்பதைப் பார்த்துவிட்டு, "நீங்கள் உறுப்பினர், நான் சுகாதார அமைச்சர். எய்ம்ஸ் பற்றித் துணைக் கேள்வி ஒன்று கேளுங்கள்" என்றார். 2019 ஜனவரியில் அடிக்கல், 2022 முதல் மாணவர்களுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வகுப்பு, ஜப்பான் கடனுதவி என்று எல்லாம் நினைவில் இருந்தன. 'எப்போது முடியும், ஐயா?' என்று கேட்டிருந்தால் 'விரைவில்' என்று முடித்திருப்பார். "சொந்த வளாகத்தில் மருத்துவமனை இல்லாமல் படித்து முடிக்கும் முதல் அணி மாணவர்களுக்கு எய்ம்ஸ் தரத்தில் மருத்துவப் பயிற்சி கிடைத்ததை அமைச்சகம் எந்த அளவுகோலால் உறுதி செய்கிறது?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, தகவல் திரட்டி மேசையில் வைப்பதாகச் சொன்னார்.

தொடங்குகிறவர்கள் எல்லாக் கேள்விகளையும் படிக்க முயல வேண்டாம், மூழ்கிவிடுவீர்கள். உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரைத் தேர்ந்துகொண்டு, ஒரு கூட்டத்தொடரில் அவர் கேட்டவை அத்தனையும் எடுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டும் அமைச்சகத்தைப் போட்டும் தேட முடியும். அவர் எந்தக் கட்சி என்பதைப் பார்க்காதீர்கள். ஆளுங்கட்சி உறுப்பினரின் கேள்வி சில நேரம் அமைச்சர் சாதனையைச் சொல்ல வாய்ப்புத் தருவதற்காகவே இருக்கும், அதையும் அடையாளம் காணப் பழக வேண்டும். பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். ஆங்கிலத்தில் படித்துவிட்டு, கோப்பை மூடி, தமிழில் ஐந்து வரி எழுதுங்கள். பார்த்து மொழிபெயர்த்தால் தமிழ் விறைத்துப்போகும்.

மாநிலத் தேர்வாணையத்தின் தொகுதி 1 (குரூப் 1) தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு புதையல் இருக்கிறது. சட்டமன்றத்தில் துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டைப் பற்றிய மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. மக்கள் நல்வாழ்வுத் துறை, போக்குவரத்துத் துறை, தொழிலாளர் நலத் துறை ஆகிய மூன்றின் குறிப்புகளையும் ஒன்றிய அமைச்சரின் பதில்களோடு சேர்த்து வாசியுங்கள். 'மாநிலம் செய்ய வேண்டும்' என்று அங்கே சொல்லப்பட்டதற்கு இங்கே என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடுவதே ஒரு மாலை நேரத்துக்குப் போதுமான வேலை. குடிமைப் பணித் தேர்வர்கள் மட்டும் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும், முதன்மைத் தேர்வு அதை ஒட்டியே வரும். பட்ஜெட் கூட்டத்தொடரின் பதில்களை முதல்நிலைத் தேர்வுக்கு முன்பே குறிப்பெடுத்து முடித்துவிட்டால்தான் அப்போது மூச்சுவிட நேரம் கிடைக்கும்.