தேயிலையைச் சுருட்டும் அந்துப்பூச்சி

இலங்கையின் மலையகத் தேயிலைச் செடிகளில் வாழும் ஓர் இலைச்சுருட்டி அந்துப்பூச்சியின் அறிவியல் பெயர் ஹோமோனா காஃபியாரியா. தேயிலைப் பூச்சிக்குக் காப்பியின் பெயர் வந்ததற்குக் காரணம், 1861இல் பூச்சி ஆய்வாளர் நீட்னர் இதை விவரித்தபோது அந்த மலைகளில் காப்பியே பெரும்பயிராக இருந்ததுதான். பின்னர் இலைத்துரு நோய் காப்பியை அழித்துவிட, பூச்சி மட்டும் புதிய பயிரோடு தங்கிவிட்டது.

தாய்ப்பூச்சி முற்றிய இலையின் மேற்பரப்பில், மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படியும்படி முட்டைகளை அடுக்கி இடுகிறது. பொரித்து வரும் சிறு புழுக்கள் பட்டு நூலில் தொங்கிக் காற்றில் பரவி, கிடைத்த இளந்தளிரைச் சுருட்டியோ இரண்டு இலைகளை ஒட்டியோ உள்ளிருந்தபடி தின்கின்றன. கூட்டைப் பிரித்தால் புழு துள்ளிப் பின்வாங்கி நூலில் இறங்கிவிடும். தொல்லை இல்லையெனில் அங்கேயே கூட்டுப்புழுவாகும்.

இதன் வரலாற்றில் எனக்கு மிகவும் சுவையான பகுதி 1935-36இல் நடந்தது. ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மேக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற ஒட்டுண்ணிக் குளவி, புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொன்று, பூச்சியின் பெருக்கத்தை வெகுவாக அடக்கியது. ஆனால் 1950களில் தண்டு துளைப்பான் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டபோது, இலைச்சுருட்டி மீண்டும் பெருகியது. குளவியும் சேர்ந்து மடிந்ததே அதற்குக் காரணம்.